கூரை இல்லாதவருக்கும் வெயிலில் பங்கு

"உங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பொருத்துங்கள், மின்கட்டணத்தைக் குறையுங்கள்" என்னும் விளம்பரத்தை நாம் அன்றாடம் காண்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால், சொந்தக் கூரை உள்ளவருக்கே அது பயன்படும். வாடகை வீட்டில் இருப்போரும், அடுக்குமாடியின் இரண்டாம் மூன்றாம் தளங்களில் இருப்போரும், வரிசை வீடுகளில் ஒண்டிக் குடித்தனம் செய்வோரும் என்ன செய்வது? நகரத்து எளிய மக்களில் பெரும்பாலோர் இவர்களே. அல்லாஹ் அருளிய வெயில் எல்லார் மீதும் ஒன்றுபோலவே விழுகிறது. அதன் ஆதாயம் மட்டும் கூரை உடையவரிடமே தங்கிவிடுகிறது.

இந்தக் கேள்விக்குத் தென் லண்டனில் உள்ள பிரிக்ஸ்டன் பகுதி மக்கள் 2012-ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோரும் உழைக்கும் வர்க்கத்தினரும் நெடுங்காலமாக வாழும் பகுதி அது. அங்குள்ள லஃப்பரோ குடியிருப்பு, லாம்பெத் நகராட்சிக்கு உரிய அடுக்குமாடி வாடகை வீடுகளைக் கொண்டது. அதன் மொட்டைமாடி ஒன்றில் 37 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன. நகராட்சியோ தனியார் நிறுவனமோ அவற்றுக்கு உரிமையாளர் அல்ல. 'பிரிக்ஸ்டன் எனர்ஜி' என்னும் கூட்டுறவுச் சங்கமே உரிமையாளர். 'ரீபவரிங் லண்டன்' என்னும் அமைப்பு அதற்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டுக்குள் அப்பகுதியிலேயே மேலும் இரு திட்டங்கள் உருவாயின. 2015-இல் ஹாக்னி பகுதியின் பானிஸ்டர் ஹவுஸ் குடியிருப்பில் ஏறத்தாழ 100 கிலோவாட் திறனில் இன்னொரு திட்டம் எழுந்தது.

இதன் நடைமுறை எளிது. சங்கம் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்று முதல் திரட்டுகிறது. நகராட்சி தன் கூரையைப் பயன்படுத்த இடமளிக்கிறது. விளையும் மின்சாரம் கட்டடத்தின் பொதுத் தேவைகளுக்குச் செல்கிறது. மிஞ்சியது மின்தொகுப்பில் சேர்கிறது. அன்று பிரிட்டிஷ் அரசு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஊக்கத்தொகை வழங்கியது. இந்த வருவாயில் பராமரிப்புச் செலவு போக ஒரு பகுதி பங்குதாரர்களுக்கும், ஒரு பகுதி குடியிருப்பாளர்களின் எரிசக்திச் செலவைக் குறைக்கும் நிதிக்கும் செல்கிறது. அப்பகுதி இளைஞர்கள் ஊதியத்துடன் பயிற்சியும் பெற்றார்கள். ஒருவர் எத்தனை பங்கு வாங்கினாலும் அவருக்கு ஒரே ஒரு வாக்குதான்.

குறைகளையும் நாம் சொல்லியாக வேண்டும். அந்தக் குடியிருப்பாளர்களின் சொந்த மின்கட்டணம் இதனால் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. கூரையில் விளையும் மின்சாரத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் நேரடியாக விற்க அந்நாட்டு விதிகள் எளிதில் இடந்தரவில்லை. மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாதவரால் பங்கு வாங்கவும் இயலாது. அரசின் கொள்கையும் நிலையாக இல்லை. சிறிய கூரைகளுக்கு யூனிட்டுக்கு 43.3 பென்ஸாக இருந்த ஊக்கத்தொகை 2012-இல் 21 பென்ஸாகக் குறைந்தது. 2019 மார்ச் இறுதியில் புதிய விண்ணப்பங்களுக்கு வாயில் அடைக்கப்பட்டது. அதன்பின் இத்தகைய சங்கங்களைத் தொடங்குவது முன்னிலும் கடினமாகிவிட்டது.

இருந்தும் இவ்வழி சிறந்தது என்பதே நம் கருத்து. செல்வந்தர் ஒருவர் ஓர் ஏழைக் குடியிருப்பின் மாடியில் மின்தகடுகளை இலவசமாகப் பொருத்திக் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். தகடுகள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். ஆனால் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்ற வேண்டிவரும். அன்று அந்தச் செல்வந்தர் எங்கே இருப்பார்? பழுதைப் பார்ப்பது யார், பணம் கொடுப்பது யார் என்று கேட்க ஆளில்லாமல் தகடுகள் தூசி படிந்து கிடக்கும். சங்கமாக இருந்தால் அந்தச் செலவுக்கு முதல் ஆண்டிலிருந்தே பணம் ஒதுக்கப்படும். கணக்கைக் கேட்கும் உரிமை மாடிப்படியில் ஏறி இறங்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருக்கும். ஸதக்கா பெறுபவர் நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். பங்காளிக்கு அந்தக் கூச்சம் இல்லை.

இங்கே நம் வாசகர்கள் ஒரு கேள்வி எழுப்புவார்கள். பிரிட்டனில் இத்தகைய சங்கங்கள் பங்குதாரருக்குத் தரும் தொகையை ஏடுகளில் 'வட்டி' என்றே குறிப்பிடுகின்றன. அச்சொல்லைக் கேட்டதும் நாம் விலகி நிற்பது இயல்பே. ஆயினும் அதன் தன்மையையும் பார்க்க வேண்டும். அத்தொகைக்கு உத்தரவாதம் இல்லை. வருவாய் குறைந்த ஆண்டில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். நட்டம் வந்தால் போட்ட முதலும் குறையலாம். லாபத்திலும் நட்டத்திலும் ஒருசேரப் பங்குகொள்ளும் ஷிர்கத் முறைக்கு இது நெருங்கி வருவதாகவே நமக்குத் தோன்றுகிறது. அதே வேளையில், சில சங்கங்கள் பங்குத் தொகையுடன் வட்டிக் கடனும் வாங்குகின்றன. எனவே பெயரை மட்டும் பார்த்துத் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம். சங்கத்தின் விதிகளையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு ஆலிம்களிடம் சென்று தெளிவு பெறுவதே முறை.

நம் ஊர்களுக்கு இதில் என்ன பாடம்? ஒன்றிய அரசு 2024-இல் தொடங்கிய 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்தில் சொந்த வீட்டுக்காரருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொதுத் தேவைகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், சிக்கனமாக வாழும் குடும்பத்துக்குச் சோலாரால் சேமிப்பு குறைவே. தண்ணீர் மோட்டார், லிப்ட், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது மீட்டரின் கதை வேறு. அந்தக் கட்டணம் பராமரிப்புத் தொகையாக வாடகைதாரரின் தலையிலேயே வந்து விழுகிறது. பிரிக்ஸ்டன் மக்களைப் போல நாமும் பொது மீட்டரிலிருந்து தொடங்கலாம்.

தொடங்கும்போது இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கலாகாது. சிறு தொகையைத் தவணையாகச் செலுத்தியும் பங்கு பெற வழி இருக்க வேண்டும். அத்தவணையைக்கூடச் செலுத்த முடியாதவருக்கு வசதி படைத்தோர் பங்கை வாங்கி அவர் பெயரிலேயே எழுதிக் கொடுக்கலாம். அடுத்து, வாடகைக் குடும்பத்துக்கும் வீட்டு உரிமையாளருக்கும் ஒரே வாக்கு என்பது விதியாக எழுதப்பட வேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். வாடகைக்கு இருப்போரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் இல்லாமல் எடுக்கும் முடிவு எவ்வளவு நல்லதாயினும், கூரை மீண்டும் கூரைக்காரருக்கே போய்ச்சேரும்.