பாங்கு சொல்ல ஓடும் நாம், ஊசியைக் கேட்க ஏன் மறக்கிறோம்?



பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல ஓடுகிறோம். பேரீச்சம்பழம் தேடுகிறோம். அகீகாவுக்கு ஏழு நாளை விரல் விட்டு எண்ணுகிறோம். எல்லாம் நல்லது. முதல் 24 மணித்தியாலத்தை மட்டும் ஏன் எண்ணுவதில்லை?

உம்மாவின் இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி இருந்தால், பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் அது பிள்ளைக்குத் தொற்றுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கு மேல் தானாகவே குணமாகிவிடும். பிறக்கும்போது தொற்றினால் 100இல் சுமார் 90 பிள்ளைகளுக்கு அது ஆயுள் முழுக்க நிற்கும். கண்ணில் மஞ்சள்கூடத் தெரியாது. பிள்ளை ஓடி விளையாடும், படிக்கும். குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஈரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும்.

"ரெண்டு மாசத்துல ஊசி போடுறாங்கதானே?" என்கிறோம். போடுகிறார்கள். 2003இல் இருந்து நம் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தத் தடுப்பூசி உண்டு; இப்போது 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்கள். ஆனால் தொற்றுள்ள தாயின் பிள்ளைக்கு இரண்டு மாதம் வரை காத்திருப்பது, வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுவது போல. அந்தப் பிள்ளைக்கு 24 மணித்தியாலத்துக்குள் முதல் ஊசியும், முடிந்தால் 12 மணித்தியாலத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். "பிறந்ததுமே கையில் ஒன்று போட்டாங்களே" என்றால், அது பிசிஜி. காசநோய்க்கானது.

தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால்தான் இங்கே பிறந்தவுடன் அந்த ஊசி கிடைக்கும். தெரியாமல் வைத்திருப்பது யார்? நாம்தான்! வெளிநாட்டு மெடிக்கலில் இந்தக் காரணத்தால் 'அன்ஃபிட்' ஆனவர்கள், ஏஜென்சிக்காரனுக்குத் தெரிந்ததை மனைவிக்குச் சொல்வதில்லை. மருமகளின் ரிப்போர்ட்டை "சனம் என்ன சொல்லும்" என்று அலுமாரியில் பூட்டுகிறோம். சனம் நாலு நாள் பேசும். பிள்ளை நாற்பது வருடம் சுமக்கும்.

இது ஒழுக்கக்கேட்டின் அடையாளம் அல்ல. அந்த உம்மாவுக்கே தன் உம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். ஒரே சஹனில் சாப்பிடுவதால் பரவாது. பிள்ளைக்கு ஊசி போட்ட பின் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. ஊசி ஹராமாம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறோமே, அது ஈஸ்ட்டில் தயாராவது. உயிருள்ள கிருமி அதில் இல்லை.

ஆகவே, கிளினிக்கில் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனையைக் கேட்போம். கணவருக்கு இருந்தால் வாய் திறந்து சொல்வோம். தாய்க்கு இருந்தால் கர்ப்பிணி அட்டையில் எழுதச் செய்து, பிரசவ அறையில் கேட்காமலே சொல்வோம். 2, 4, 6 மாத ஊசிகளையும் விடாமல் போடுவோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னது நம் மார்க்கம். கட்டாமல் விட்டுவிட்டு "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்வது தவக்குல் அல்ல, பொடுபோக்கு.

பிள்ளை அமானிதம். அதைப் பற்றி நாம்தான் கேட்கப்படுவோம்.