தாமதமாக வந்த பிள்ளை



மடுல்சீமை, நமுனுகுல, பசறைப் பக்கத் தோட்டங்களில் விடிந்ததும் தாய்மார் பிரட்டுக்கு ஓடவேண்டும். தம்பியைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மேடும் பள்ளமும் நடந்து மூத்த பிள்ளை பாடசாலையை எட்டுமுன் மணி அடித்துவிடும். வாசலில் பிரம்பு காத்திருந்தால்? மூன்று நாள் அடிவாங்கிய பிள்ளை நான்காம் நாள் “வயிறு வலிக்குது” என்று லயத்தில் படுத்துவிடும். இப்படியே நின்றுபோன படிப்புகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

பாடசாலையில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்திலும், மீண்டும் 2016இலும் சொல்லிவிட்டது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

“அடிக்காவிட்டால் எப்படி அடக்குவது?” என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தினர் 1990களில் வளர்த்த ஒரு முறை இதற்குப் பதில் சொல்கிறது. கணக்கைப் போலவே ஒழுக்கத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பாடசாலை முழுவதற்கும் மூன்று, நான்கு விதிகள் போதும். “ஓடாதே” என்று சொல்லாமல் “நடந்து போ” என்பார்கள். தண்ணீர்க் குழாயடியிலும் வரிசையிலும் தவணைத் தொடக்கத்திலேயே பழக்கிக் காட்டுவார்கள். அதிபர் முதல் காவலாளி வரை எல்லாரும் ஒரே பேச்சு. சரியாகச் செய்த பிள்ளையை உடனே பாராட்டுவார்கள். (புகழ்ந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று நானும் நினைத்தவள்தான்.)

குழப்பம் எங்கே, எந்நேரம், யாரால் என்றும் எழுதிவைப்பார்கள். ஒரே தோட்டத்திலிருந்து பத்துப் பேர் தாமதமாக வந்தால், கெட்டது பத்துப் பிள்ளைகள் அல்ல, பாதையோ பஸ்ஸோ என்று அந்தக் கொப்பியே காட்டிவிடும்.

நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய எண்பது பேருக்கு இதுவே போதும். பதினைந்து பேருக்குச் சிறு குழுவாகக் கூடுதல் உதவி வேண்டும். மீதி ஐந்து பேருக்குத் தனிக் கவனம் வேண்டும். பிரம்பு இந்த ஐவருக்காகத்தான் என்பார்கள். ஆனால் இவர்களுக்குத்தான் அது சற்றும் உதவாது.

1977, 1983 கலவரங்களுக்குப் பின் இந்த மலைகளை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கும் போரில் அடிபட்ட குடும்பங்கள் பல. அப்படியொரு வீட்டுப் பிள்ளை யாராவது சத்தம் போட்டால் உறைந்துபோகும், அல்லது கையை ஓங்கும். அது திமிர் அல்ல, பயம். நீங்கள் சொல்லாவிட்டால் ஆசிரியருக்கு அது தெரியாது. முழுக்கதையும் சொல்லவேண்டியதில்லை. “சத்தத்துக்குப் பயப்படுவான், மெதுவாகப் பேசுங்கள்” என்றால் போதும். பிள்ளைக்கு அடி விழுந்து, அதிபரிடம் சொல்லியும் பலனில்லாவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

விதிகளைப் பற்றிப் பேச ஏற்ற இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். வேலை நாளில் வைத்தால் அரைப்பேர் போய்விடுமே என்று தாய்மார் போவதில்லை. அதனால் அதிபரிடம் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: கூட்டத்தைக் கொழுந்து நிறுத்த பிறகு, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா?