குறியீடு வாய்பாடு அன்று

ஜான் ஸ்டைன்பெக் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (சினத்தின் திராட்சைகள்) என்னும் நாவலைக் கற்பிப்போருள் சிலர், கரும்பலகையில் ஒரு வாய்பாட்டை எழுதிவிட்டுக் கை கழுவிவிடுகின்றனர். ஜிம் கேசி என்றால் இயேசு. ஓக்லஹோமா என்றால் எகிப்து. கலிபோர்னியா என்றால் கானான். மாணவரும் நெட்டுருச் செய்கின்றனர். மதிப்பெண் கிடைக்கலாம், நாவல் கிடைப்பதில்லை.

விவிலியச் சாயல் அந்நாவலில் இல்லை என்பார் எவருமிலர். தலைப்பே சான்று பகரும். ஜூலியா வார்டு ஹவ் இயற்றி 1862இல் வெளிவந்த போர்க்காலப் பாடலிலிருந்து அது பிறந்தது. அப்பாடலுக்குப் பின்னே வெளிப்படுத்தின விசேஷத்தின் 14ஆம் அதிகாரம் நிற்கிறது. புழுதிப் புயலும் கடனும் விரட்ட, ஜோடு குடும்பத்தார் பன்னிருவர் முன்னாள் போதகரான கேசியுடன் மேற்கே புறப்படுகின்றனர். எண்ணிக்கையே பேசுகிறது.

ஆயினும் சாயலைக் கண்டு மகிழ்வோர், அது முறியும் இடத்தைக் காண்பதில்லை. ஆசிரியரின் நெஞ்சம் அம்முறிவில்தான் இருக்கிறது. கேசி உபதேசத்தைத் துறந்தவர். வேலைநிறுத்தத்தில் முன்னின்று அடியுண்டு மாய்கிறார். அவர் உயிர்த்தெழுவதில்லை. அவர் விட்ட பணியை டாம் என்னும் இளைஞன் ஏற்கிறான்.

மோசேயை நாணற்பெட்டியில் வைத்து நதியோரம் விட்டது, அவன் உயிர் பிழைப்பதற்காக. உன்னதப்பாட்டின் மலர்ப் பெயரைத் தாங்கிய ரோஸ் ஆஃப் ஷாரனுக்குப் பிறந்ததோ உயிரற்ற மகவு. அதனை ஆப்பிள் பெட்டியில் இட்டு வெள்ளத்தில் விடுகிறார் பெரியப்பா ஜான். ஊரார் கண்ணில் பட்டு அது சேதி சொல்லட்டும் என்றே விடுகிறார். காக்கும் பெட்டி குற்றஞ்சாட்டும் பெட்டியாகிறது. 'மோசே' என்று ஒரு சொல் எழுதி அப்பால் செல்லும் ஆசிரியர், இதனை மாணவரிடமிருந்து பறித்தவராகிறார்.

கானானும் அவ்வாறே. எண்ணாகமத்தில் ஒற்றர் இருவர் ஒரு திராட்சைக் குலையைத் தடியில் சுமந்து வருகின்றனர். ஜோடு வீட்டுத் தாத்தாவும் கலிபோர்னியத் திராட்சையைக் கனவு கண்டவரே. பயணத்தின் முதல் நாளே இறந்துபோகிறார். சென்று சேர்ந்தவர்கள் கண்டதென்ன? விலை சரியாதிருக்க ஆரஞ்சுக் குவியலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகின்றனர். உண்ண வழியின்றிக் குழந்தைகள் சாகின்றனர். 25ஆம் அதிகாரத்தை ஒருமுறை நின்று படித்தவர் கானான் என்று எழுதக் கூசுவர். விளைச்சலுக்கு அங்குக் குறைவில்லை. விளைச்சலுக்கு உடையவர் வேறு என்பதே கேடு.

ஏழையின் துயருக்குச் சமயப் பூச்சுப் பூசினார் ஸ்டைன்பெக் என்று குறைகூறுவாரும் உளர். 1939இலேயே கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட ஆட்சிக் குழு இந்நூலைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் தடை செய்தது. துயரைப் பூச்சு மறைத்திருந்தால் அவ்வளவு எரிச்சல் எதற்கு?

பாலும் தேனும் ஓடும் நாடு என்பது வாக்குறுதி. நாவலின் இறுதியில் பால் உண்டு. நிலம் தந்த பால் அன்று. மகவை இழந்த தாய் ஒருத்தி, பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் அறியாத ஒருவனுக்கு ஊட்டும் பால். அவ்விடத்திற்கு நேரே 'மரியாள்' என்று எழுதத் துணிவாரும் உளர். மரியாளின் மகவு உயிருடன் பிறந்தது என்பதையேனும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.