குளிர்பதனப் பெட்டிகளின் மேல் எழுதப்பட்டவை

2005 இலையுதிர்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் ஒவ்வொருவராக வீடு திரும்பியபோது, முதலில் செய்யவேண்டியிருந்த வேலை சமையலறைக் குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் வெளியேற்றுவதுதான். ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா புயல் கரை கடந்ததிலிருந்து மின்சாரம் இல்லை. உள்ளே இறாலும் இறைச்சியும் வாரக்கணக்கில் அழுகிக் கிடந்தன. கதவை ஒட்டுநாடாவால் சுற்றி இறுக்கித் தெருவோரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெருத்தெருவாக வெள்ளைப் பெட்டிகள். யாரோ ஒருவர் தன் பெட்டியின் மேல் ஏதோ எழுதிவைத்தார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் எழுதினார். உள்ளிருக்கும் நாற்றத்துக்கு அரசாங்கத்தின் பேரிடர் முகமையான ஃபீமாவின் பெயரைச் சூட்டியவர்கள் உண்டு. அரசியல்வாதிகளின் பெயரையும், ஊரின் கால்பந்துக் குழு உரிமையாளரின் பெயரையும் சூட்டியவர்களும் உண்டு. அந்தப் பெட்டிகளின் புகைப்படங்கள் தனி நூலாகவே வெளிவந்தன.

இலக்கியம் பேசுகிற இடத்தில் அழுகிய இறாலுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். வசையை ஓர் இலக்கிய வகையாக வைத்திருக்கும் மொழி நம்முடையது. திருமலைராயன்பட்டினத்தின் மேல் மண்மாரி பொழியப் பாடியதாகக் காளமேகத்தைப் பற்றி நாம் இன்றும் கதை சொல்கிறோம். நம் ஊர்க் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றும்போது கேட்டவர்கள் அதை வெறும் கூச்சல் என்று நினைத்ததில்லை. தூற்றலில் ஒரு வழக்கும் அதற்கான சாட்சியமும் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நியூ ஆர்லியன்ஸ் மக்களின் எரிச்சலையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது நம் கட்சி. பேரிடர் காலத்தில் மக்களின் கோபத்தை ஆற்றுப்படுத்த வேண்டிய உணர்ச்சியாகவே அரசாங்கங்கள் பார்க்கின்றன. ஆனால் அந்தக் கோபம், களத்திலிருந்து வருகிற முதல் அறிக்கை. பெரும்பாலும் சரியான அறிக்கையும் அதுவே.

நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். கால்வாய்ச் சுவர்கள் உடைந்து நகரத்தில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீரில் மூழ்கியது. சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் ஆயிரக்கணக்கானோர் குடிநீரும் மருந்தும் இல்லாமல் காத்துக் கிடந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி, ஃபீமாவின் தலைவர் மைக்கேல் பிரௌன், மாநாட்டு மையத்தில் அவ்வளவு பேர் இருப்பது தங்களுக்கு அன்றுதான் தெரியவந்தது என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். மறுநாள் அதிபர் புஷ் அவருடைய பணியைப் பாராட்டினார். பத்து நாளில் பிரௌன் பதவி விலகினார்.

தகவல் போய்ச் சேரவில்லை என்று சொல்ல வழியில்லை. ஃபீமாவின் ஊழியர் மார்ட்டி பாகமோண்டே நகரத்துக்குள்ளேயே இருந்தார். புயலடித்த அன்று மாலையே ஹெலிகாப்டரிலிருந்து உடைப்பைக் கண்டு பிரௌனுக்குத் தெரிவித்தார். ஆகஸ்ட் 31ஆம் தேதி, நிலைமை கைமீறிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பினார். தகவலுக்கு நன்றி, குறிப்பாகத் தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டுப் பதில் வந்தது. அந்த அக்டோபரில் அவர் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். இந்தக் கடிதங்களும் பின்னர் வெளியில் தெரியவந்தன. படிப்பவருக்குக் கோபத்துக்கு முன் ஒரு சோர்வு வருகிறது. எழுதியவரின் மொழியும் பதில் தந்தவரின் மொழியும் ஒரே ஆங்கிலம்தானா என்ற ஐயம் எழுகிறது.

எல்லாப் பழியையும் பிரௌனின் தலையில் போடுவது எளிது. முன்பு அரபுக் குதிரைச் சங்கத்தில் பணியாற்றியவர் என்பதால் கேலியும் எளிது. ஆனால் அந்த முகமை 2003இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் ஓர் அங்கமாகச் சுருக்கப்பட்டது. பயங்கரவாதமே கவலையாக இருந்த காலத்தில் வெள்ளம் இரண்டாம் பட்சமாயிற்று. 2004 ஜூலையில் 'பாம்' என்று பெயரிட்ட ஒரு கற்பனைப் புயல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்குவதாக வைத்துப் பயிற்சியும் நடத்தியிருந்தார்கள். அதாவது கதை முன்பே எழுதப்பட்டிருந்தது. நடக்கும்போது அதைப் படிக்க ஆளில்லை. உதவ வந்த தீயணைப்பு வீரர்களை அட்லாண்டாவில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். பனிக்கட்டி ஏற்றிய லாரிகள் அலைந்து அலைந்து, வடகோடியிலுள்ள மெய்ன் மாநிலம் வரை போயின. வாங்கிய ஆயிரக்கணக்கான நடமாடும் வீடுகளை வெள்ளச் சமவெளியில் நிறுத்தக்கூடாது என்று முகமையின் சொந்த விதியே தடுத்ததால் அவை ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு வயல்வெளியில் சும்மா நின்றன. அந்த ஊரின் பெயர் ஹோப், நம்பிக்கை. ஒரு சிறுகதையில் இப்படி வைத்திருந்தால் ஆசிரியர் குழு மிகை என்று அடித்திருக்கும்.

நம்மை அதிகம் தொந்தரவு செய்வது பிறகு நடந்ததுதான். வீடிழந்தவர்களுக்கு டிரெய்லர் என்னும் சக்கர வீடுகள் தரப்பட்டன. 2006இலேயே அவற்றில் குடியிருந்தவர்கள் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று முறையிடத் தொடங்கினார்கள். மட்டமான மரப்பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்துகொண்டிருந்தது. 2007 ஜூலையில் நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளியான கடிதங்கள் ஒன்றைக் காட்டின: சோதனை செய்தால் பிரச்சினையை நாம் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று முகமையின் வழக்கறிஞர்கள் அஞ்சி, சோதிக்க வேண்டாம் என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். 2008 பிப்ரவரியில்தான் அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் வாயுவின் அளவு அதிகம் என்று அறிவித்தது. ஒரு தாய் தன் பிள்ளையின் இருமலைக் கேட்டே அறிந்துகொண்டதை அரசாங்கம் அறிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அறியாமையைக் கவனமாகப் பேணுவதற்கு இத்தனை படித்தவர்கள் உழைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையே 2006 பிப்ரவரி. மக்கள் பிரதிநிதிகள் சபையின் குழு தன் அறிக்கையை அந்த மாதம் வெளியிட்டது. தலைப்பிலேயே தோல்வி என்ற சொல் இருந்தது. அதே மாதம் நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா திருவிழா. ஒழுகும் கூரைக்குப் போர்த்த அரசு தந்த நீலத் தார்ப்பாயை வெட்டிச் சட்டையும் பாவாடையுமாக உடுத்திக்கொண்டு மக்கள் ஊர்வலம் போனார்கள். இரண்டு ஆவணங்களும் ஒன்றையே சொல்லின. இரண்டாவதைப் புரிந்துகொள்ள அடிக்குறிப்புகள் தேவைப்படவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுவர்கள் உடைந்தது ஃபீமாவின் குற்றமல்ல. அவற்றைக் கட்டியது ராணுவப் பொறியாளர் படை. கட்டாய வெளியேற்றத்துக்கு நகர மேயர் ஆணையிட்டதே புயலுக்கு முந்தைய நாள்தான். அதே கூட்டாட்சி அரசின் கடலோரக் காவல்படை 33,000 பேருக்கு மேல் மீட்டது. நியூ ஆர்லியன்ஸ் மக்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. காவல்படையின் பெயரைக் குளிர்பதனப் பெட்டியில் எழுதியவர் எவரையும் நாம் பார்க்கவில்லை.

அந்தச் செப்டம்பரில் இந்திய விமானப்படை விமானம் ஒன்று 25 டன் நிவாரணப் பொருட்களுடன் ஆர்கன்சாவில் இறங்கியது. இலங்கை 25,000 டாலர் கொடுத்தது. சுனாமி கழிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. நம்மில் சிலர் அந்தச் செய்தியைப் படித்து உள்ளூரச் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கத்ரீனாவில் இறந்தவர்கள், அமெரிக்கத் தேசியப் புயல் மையம் 2023இல் திருத்திய கணக்கின்படி, 1,392 பேர். சிரிப்பு அடங்கிவிடுகிறது.

கத்ரீனாவுக்குப் பிறகு 2006இல் ஒரு சட்டம் வந்தது. ஃபீமாவின் தலைவருக்குப் பேரிடர் மேலாண்மையில் அனுபவம் இருக்க வேண்டும் என்றது. 2025 ஜூலை 4ஆம் தேதி டெக்ஸாஸில் குவாடலூப் ஆறு விடியற்காலையில் பெருகி, அந்த வெள்ளத்தில் 130 பேருக்கு மேல் மாண்டபோது, முகமைக்கு இருந்தது ஒரு தற்காலிகத் தலைவர். 1,00,000 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்ற புதிய விதியால் உதவி தாமதப்பட்டது என்று குற்றச்சாட்டு எழுந்தது, அரசு மறுத்தது. அந்த ஆகஸ்ட் 25ஆம் தேதி, முகமையின் அப்போதைய, முன்னாள் ஊழியர்கள் 180 பேருக்கு மேல் நாடாளுமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கத்ரீனாவின் பாடங்கள் மறக்கப்படுகின்றன என்று எச்சரித்த அந்தக் கடிதத்துக்குக் கத்ரீனா பிரகடனம் என்றே பெயர் வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் தெருவிலிருந்து வந்த குரல் இப்போது அலுவலகத்துக்குள்ளிருந்தே வந்தது. கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் தம் பெயரை வெளியிடவில்லை. பெயரைப் போட்டவர்களில் பலரை மறுநாளே கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.