எலியை வரைந்தவர் யார்?

சென்ற மாதம் ஒரு நண்பர் தம் ஏழு வயதுப் பெண்ணுடன் என் வீட்டுக்கு வந்திருந்தார். குழந்தையின் சட்டையில் மிக்கி மவுஸ். "இதை யாரு வரைஞ்சா மாமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நண்பர், "வால்ட் டிஸ்னி" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார்.

"இல்லை அம்மா, அப் ஐவர்க்ஸ் என்று ஒருவர்" என்றேன்.

நண்பர் சிரித்தார். "யார் வரைந்தால் என்ன ஐயா? பெயர் எடுத்தவர் டிஸ்னிதானே!"

அந்த "என்ன ஐயா"வுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கார்ட்டூன் படம் பிறந்தபோது அது ஒற்றை ஆள் வித்தையாகத்தான் இருந்தது. 1914-ல் வின்ஸர் மெக்கே என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 'ஜெர்ட்டி' என்ற டைனோசாரை வரைந்து, மேடையில் தாமே சாட்டையுடன் நின்று, திரையிலிருந்த அந்தப் பிராணிக்குக் கட்டளையிட்டார். ஜனங்கள் மெய்ம்மறந்தார்கள். ஆனால் ஒவ்வொரு சித்திரத்திலும் பின்னால் உள்ள மலையையும் ஏரியையும் மறுபடி மறுபடி வரைய வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் ஜான் ஃபிட்ஸ்சைமன்ஸ் என்ற உதவியாளர். அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1914-ல் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒரு யுக்திக்குப் பேட்டண்ட் கேட்டு விண்ணப்பித்தார். நிலைத்திருக்கும் காட்சியை ஒரே தடவை வரைந்துகொள்வது. அசைகிற உருவத்தை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாளில் வரைந்து அதன்மேல் வைப்பது. அதன் பிறகு வேலையைப் பங்கு போடுவது சுலபமாயிற்று. கல்யாணச் சமையல் மாதிரி, நறுக்க ஒருவர், கிண்ட ஒருவர், பரிமாற ஒருவர். சாப்பிட்டு எழுந்தவர்கள் வாழ்த்துவது மட்டும் கல்யாண வீட்டுக்காரரை!

ஃபீலிக்ஸ் என்ற கறுப்புப் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1919-ல் திரைக்கு வந்தது. 1920-களில் அதற்கு ஈடான கார்ட்டூன் பிராணி உலகத்திலேயே கிடையாது. படத்தில் போட்ட பெயர் ஸ்டூடியோ முதலாளி பாட் சலிவனுடையது. இரவு பகலாக உட்கார்ந்து அந்தப் பூனையை நடக்கவும் யோசிக்கவும் வைத்தவர் ஆட்டோ மெஸ்மர். 1933-ல் சலிவன் இறந்து, மேலும் பல வருஷங்கள் சென்ற பிறகே மெஸ்மரின் பெயர் வெளியே வந்தது. சலிவன் பிறந்த ஆஸ்திரேலியாவில் சிலர் இன்றைக்கும் அதை ஒப்புவதில்லை. மெஸ்மர் 1983 வரை வாழ்ந்தார். சண்டைக்குப் போகாத மனிதர். நல்லவர்களிடம்தான் இப்படியெல்லாம் நடத்திக்கொள்ள முடிகிறது.

இனி எலிக்கு வருவோம். 1927-ல் டிஸ்னியின் ஸ்டூடியோ 'ஆஸ்வால்ட்' என்ற முயலைப் படைத்தது. 1928-ல் கூடுதல் பணம் கேட்க நியூயார்க் போன டிஸ்னிக்கு அதிர்ச்சி காத்திருந்தது. முயலின் பாத்தியதை யூனிவர்ஸல் கம்பெனியுடையது. விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ், டிஸ்னியின் சித்திரக்காரர்களில் பெரும்பாலோரை ரகசியமாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். போகமாட்டேன் என்று நின்றவர் ஐவர்க்ஸ். மற்றவர்கள் பாக்கியிருந்த முயல் படங்களை முடித்துக்கொண்டிருக்க, அவர் மறைவாக உட்கார்ந்து முதல் மிக்கி படத்தை ஏறக்குறையத் தனியாகவே வரைந்து தள்ளினார். அந்த வேலையின் பாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏழு நிமிஷப் பேசும்படத்துக்குச் சுமார் 10,000 பிரேம்கள் ஓட வேண்டும். ஒரே சித்திரத்தை இரண்டு பிரேம்களுக்கு வைத்துக்கொண்டாலும் 5,000 சித்திரங்கள்!

1928 நவம்பரில் வெளியான 'ஸ்டீம்போட் வில்லி'யின் தலைப்பில் ஐவர்க்ஸின் பெயரும் இருந்தது. அதை மறைக்கமாட்டேன். ஆனால் 1932-ல் மிக்கியைப் படைத்ததற்கென்று அகாடமி தனி விருது கொடுத்தபோது, அது டிஸ்னி ஒருவருக்கே போயிற்று. முயலைப் பறிகொடுத்தவருக்கு அந்த வலி தெரிந்திருக்க வேண்டாமா? "பாத்தியதையைக் கைநழுவ விடாதே" என்ற பாடத்தை நன்றாகக் கற்றார். "வரைந்த கைக்குப் பெயர் கொடு" என்ற பாடத்தை அவர் ஊழியர்களே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1941-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளக் குறையோடு திரையில் பெயர் வராத குறையும் சேர்ந்திருந்தது. மை தீட்டி வர்ணம் பூசிய பெண்களின் கதையோ இன்னும் மோசம். 1937-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கு இடமே இல்லை.

நண்பர் என்ன சொல்வார் என்று தெரியும். "எலிக்குக் குணமும் குரலும் கொடுத்தவர் டிஸ்னி. ஐவர்க்ஸ் 1930-ல் பிரிந்துபோய் ஒரு தவளையைப் படைத்தாரே, அது என்ன ஆயிற்று? 1940-ல் டிஸ்னியிடமே திரும்பி வரவில்லையா?" எல்லாம் வாஸ்தவம். டிஸ்னியின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை, ஐயா. பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதுங்கள் என்கிறேன். இரண்டு பேர் தூக்கிய பல்லக்குக்கு ஒருவரை மட்டும் புகழ்வது வரலாறு ஆகாது.

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா? என் தொடர்கதை ஒன்று பத்திரிகையில் வந்தபோது, வாரந்தோறும் ஓர் ஓவியர் படம் போட்டார். என் கதாநாயகியின் மூக்கை நான் வர்ணித்ததே இல்லை; அது அவர் வைத்த மூக்கு. வாசகர்கள் இன்றும் அந்த முகத்தைச் சொல்லித்தான் என்னைப் பாராட்டுகிறார்கள். புத்தகமானபோது அதே படம் அட்டையில் வந்தது. அவர் பெயர் எங்கும் இல்லை. நான் கவனித்தேன். கேட்கவில்லை. மூன்று பதிப்பு ஆகிவிட்டது.

'ஸ்டீம்போட் வில்லி' 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச் சொத்து. 95 வருஷத்தோடு அதன் பாத்தியதை தீர்ந்தது. வரைந்தவனுக்குப் பட்ட கடன் அப்படிக் காலாவதியாவதில்லை. நான்காம் பதிப்பில் அந்த ஓவியரின் பெயரை அட்டையிலேயே போடவேண்டும் என்று பதிப்பாளருக்கு நேற்றுக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். போடாவிட்டால் புத்தகம் கிடையாது என்றும் எழுதியிருக்கிறேன்.

அந்தக் குழந்தை மறுபடி வந்தால், இரண்டு பெயரையும் சொல்லிக்கொடுப்பேன். அவள் அப்பாவுக்கும் சேர்த்து.