பேட் ஒரு நாள் செலவு, காக் தினசரி செலவு

முதல் சைக்கிள், முதல் வாட்ச், முதல் வாக்மேன்னு நம்ம ஆளுங்க கொசுவத்தி சுத்தாத பொருளே கிடையாது. அந்த வரிசையில முதல் ஷட்டில் பேட்டுக்கும் ஒரு இடம் உண்டு. படிக்க ஆரம்பிக்கும்போதே முடிவு தெரிஞ்சுடும். 'இன்னைக்கு ஆயிரக்கணக்குல கொட்டி வாங்குற பேட்ல அந்த சந்தோஷம் இல்லை' அப்படின்னு ஒரு பெருமூச்சோட முடியும். எனக்கு அந்தப் பெருமூச்சுல உடன்பாடு இல்லை. ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

முதல்ல ஒரு சொல் பிரச்சினை. 'ராக்கெட்'னு எழுதினா ஸ்ரீஹரிகோட்டா ஞாபகம் வருது. 'மட்டை'ன்னு எழுதினா தென்னை மரம் ஞாபகம் வருது. தெருவுல நாம சொன்னது பேட்தான். ஷட்டில் பேட். அடிக்கிற பொருளுக்கு காக். விளையாட்டுக்கு ஷட்டில். அப்படியே வச்சுக்குவோம்.

எங்க வீட்டுக்கு பேட் வந்தது 1988-ல. தஞ்சாவூர், தெற்கு வீதியில ஒரு கடை. கம்பி பேட், சிவப்பு பெயிண்ட், பிடியில கறுப்பு ரெக்சின். ஜோடி 75 ரூபாய். கூட ரெண்டு பிளாஸ்டிக் காக் ஓசி. ஜோடியாத்தான் தருவாங்க, ஒத்தையா கிடையாது. ஒரு பேட்ட வச்சுக்கிட்டு சுவத்துலதான் அடிக்கணும்! ஆக, என் முதல் பேட்டுன்னு நான் சொல்றதுல பாதி எங்க அக்காவோடது. அவளுக்கு வயசு 12, எனக்கு 10.

அப்பாவுக்கு ஷட்டில் மேல பெரிய மரியாதை கிடையாது. அவர் காலேஜ்ல ஆடினது பூப்பந்து. அஞ்சு பேர் ஒரு பக்கம், மஞ்சள் கம்பளி நூல் பந்து, 24 மீட்டர் நீளக் கோர்ட். தஞ்சாவூர் அரச குடும்பத்துக்காரங்க அந்தக் காலத்துலயே ஆடின விளையாட்டுன்னு சொல்லிச் சொல்லி பெருமைப்படுவார். "அது ஆம்பளைங்க கேமுடா, இது காத்து அடிச்சா பறந்துடும்" என்பார். காத்து விஷயத்துல அவர் சொன்னது நிஜம். பூப்பந்து 27-லிருந்து 30 கிராம் எடை. நம்ம காக் அதிகபட்சம் அஞ்சரை கிராம். ஆடி மாசத்துல டெல்டாவுல ஷட்டில் ஆடிப் பாருங்க, நீங்க அடிச்ச காக் உங்க தலைக்குப் பின்னாடியே விழும்.

அதனால எங்களுக்கு சீசன்னா கார்த்திகை மழை விட்ட பிறகுதான். மார்கழி, தை, மாசி. சுண்ணாம்புத் தூள்ல கோடு, ரெண்டு சவுக்குக் கம்பு, நெட்டுக்கு பதில் கயிறு. அரைப் பரீட்சை லீவுல கரண்டு கம்பத்துக்குப் பக்கத்து வீட்டு மாமா ஒரு டியூப்லைட்டும் கட்டிவிட்டார். கோர்ட்டோட உண்மையான அளவு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்னு எனக்குத் தெரிஞ்சது காலேஜ்லதான். எங்க தெருவோட அகலம் எவ்வளவோ அதுதான் கோர்ட்டோட அகலம். சாக்கடைக்குள்ள விழுந்தா அவுட்.

இது வரைக்கும் வழக்கமான கொசுவத்திதான். இனிமேதான் மேட்டர்.

எங்க தெருவுல ஆடினது மொத்தம் பதினோரு பசங்க, நாலு பொண்ணுங்க. பேட் எத்தனை தெரியுமா? ஆறு. பேட் இல்லைன்னு யாரும் நின்னதில்லை. ஒரு கேம் முடிஞ்சதும் கை மாறும், அவ்வளவுதான். நரம்பு அறுந்தா முடிச்சுப் போட்டு ஆடினோம். ஊருக்குள்ள இதுக்கு 'கட்டிங்'னு பேரு. கடைக்காரர்கிட்ட "அண்ணே, கட்டிங் போடணும்"னு நான் கேட்க, பக்கத்துல நின்ன பெரியவர் ஒரு மாதிரி பார்த்தது தனிக்கதை :-)

பேட்டைப் பங்கு போட முடிஞ்சுது. காக்கைத்தான் முடியலை. ஓசியா வந்த பிளாஸ்டிக் காக் ரெண்டும் ஒரு வாரத்துல காலி. ஒண்ணு ஓட்டுக் கூரை மேல, இன்னொண்ணு பாவாடை கிழிஞ்சு. அப்புறம் வந்தது 'காக் காசு'. ஆளுக்கு நாலணா, ஒரு நாளைக்கு. கொடுத்தவன் ஆடலாம், கொடுக்காதவன் காக் பொறுக்கிப் போடலாம். இந்தச் சட்டத்தை யார் போட்டதுன்னு ஞாபகமில்லை, ஆனா எல்லாரும் மதிச்சோம். எங்க செட்லயே நல்லா ஆடின ஒருத்தன் இருந்தான். இடது கை. அவன் அடிக்கிற டிராப்பை எடுக்க ஆள் கிடையாது. அப்பா சைக்கிள்ல ஐஸ் விக்கிறவர். ரெண்டு வாரம் வந்தான், ஒரு வாரம் பொறுக்கிப் போட்டான், அப்புறம் வரலை. கூப்பிடப் போனப்ப "வேலை இருக்கு"ன்னான். அஞ்சாவது படிக்கிற பையனுக்கு என்ன வேலை? நாலணாதான் வேலை.

இதனாலதான் 'காசு இல்லாட்டியும் எல்லாரும் சேர்ந்து ஆடினோம்'னு யாராவது உருகும்போது எனக்கு உறுத்துது. எல்லாரும் ஆடலை. ஆடினவங்களோட ஞாபகம்தான் எழுத்தா வருது. பொறுக்கிப் போட்டவன் கொசுவத்தி சுத்துறதில்லை.

சரி, அது பழைய கதை, இப்ப மாறிடுச்சுன்னு நினைக்கிறீங்களா? கணக்குப் போட்டுப் பாருங்க. இன்னைக்கு ஒரு சுமாரான கிராஃபைட் பேட் ரெண்டாயிரம் ரூபாய். ஒழுங்கா வச்சுக்கிட்டா மூணு நாலு வருஷம் வரும். இறகு காக்குக்கு வாங்க. ஒரு காக்குல 16 இறகு, வாத்து அல்லது கூஸ் வாத்தோடது. சரியா சுத்திக்கிட்டுப் பறக்கணும்னா பதினாறும் ஒரே பக்கத்து இறக்கையிலேருந்து வரணும். ஒரு இறகு உடைஞ்சாலும் காக் ஆடும், வழி தப்பும். நாலு பேர் டபுள்ஸ் ஆடினா ஒரு சாயங்காலத்துக்கு மூணு காக் போகும். மாசம் 25 நாள்னா 75 காக். பன்னெண்டு காக் இருக்கிற டப்பா ஆயிரம் ரூபாய்னே வச்சுக்கிட்டாலும் ஆறாயிரத்து சொச்சம். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல, மாசா மாசம். இதுல கோர்ட் வாடகை சேர்க்கலை. கோச்சிங் ஃபீஸ் சேர்க்கலை. ஷூ சேர்க்கலை.

2025-ல இறகுக்குத் தட்டுப்பாடு வந்து காக் விலை எகிறினப்போ பெரிய பெரிய அகாடமிக்காரங்களே கையைப் பிசைஞ்சாங்க. அப்படின்னா நம்ம ஊர் பள்ளிக்கூடப் பிள்ளை என்ன பண்ணும்?

ஆனா நாம பேசறது எல்லாமே பேட்டைப் பத்திதான். பிறந்த நாளா, பேட். பரீட்சையில நல்ல மார்க்கா, பேட். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுக்கிற பெரிய மனுஷங்களும் பத்து பேட்ட அடுக்கி வச்சு போட்டோ எடுத்துக்குவாங்க. அந்தப் பத்து பேட்டும் ரெண்டே மாசத்துல பி.டி. வாத்தியார் ரூம் பீரோவுக்குள்ள போயிடும். வாத்தியாரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. காக் தீர்ந்துபோனா பேட்ட வச்சு கொசு அடிக்கவா முடியும்? பேட் வாங்கித் தர்றது ஒரு நாள் சந்தோஷம். ஆட விடுறதுதான் தினசரி செலவு.

தினசரி செலவுன்னு சொன்னது காசை மட்டும் இல்லை. இங்கதான் எங்க அக்கா கதை வருது.

அவ என்னைவிட நல்லா ஆடுவா. தம்பிங்கிற பாசத்துல சொல்லலை, பதினஞ்சு பாயிண்ட் கேம்ல என்னை அஞ்சு தாண்ட விட்டதே இல்லை. அப்பல்லாம் சர்வீஸ் கையில இருந்தாத்தான் பாயிண்ட், 21 பாயிண்ட் முறை 2006-லதான் வந்தது. பேக்ஹேண்ட்ல அவ அடிச்சா காக் நேரா எதிராளி காலடிக்குப் போகும். அடுத்த வருஷம் சீசன் வந்தப்போ அவ பேட் ஆணியில தொங்கிச்சு. "இனிமே தெருவுல என்ன ஆட்டம்"னு பாட்டி ஒரு தடவைதான் சொன்னாங்க. அம்மா ஒண்ணும் சொல்லலை. அப்பாவும் ஒண்ணும் சொல்லலை. அவ பள்ளிக்கூடத்துல கோர்ட் கிடையாது. அவ்வளவுதான், முடிஞ்சுது. யாரும் சண்டை போடலை, யாரும் அழுத ஞாபகமும் இல்லை. பேட்டை யாரும் பிடுங்கலை பாருங்க, அதுதான் வேடிக்கை. பேட் அவளோடதாவேதான் இருந்துச்சு. ஆடுற அனுமதி மட்டும் தினமும் புதுப்பிக்கப்படலை.

இப்ப இந்த நாட்டோட கணக்கைப் பாருங்க. ஒலிம்பிக் பேட்மிண்டன்ல 2024 பாரிஸ் வரைக்கும் இந்தியாவுக்குக் கிடைச்சது மூணே மூணு மெடல். 2012 லண்டன்ல சாய்னா நேவால் வெண்கலம், 2016 ரியோவில சிந்து வெள்ளி, டோக்கியோவில மறுபடி சிந்து வெண்கலம். மூணும் பெண்கள் வாங்கினது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க மூணு பேர் பேட்மிண்டன் மெடலோட வந்தாங்க. துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். இவங்க திறமைக்கும் உழைப்புக்கும் கும்பிடு. ஆனா ஒவ்வொருத்தருக்குப் பின்னாடியும் "இன்னைக்கும் போய் ஆடு"ன்னு வருஷக்கணக்கா தினமும் யாரோ சொல்லியிருக்கணும். ஒரு நாள் சொன்னா போதாது.

எங்க அக்கா சிந்து ஆகியிருப்பான்னு நான் சொல்ல வரலை. அவ இன்னொரு பத்து வருஷம் ஆடியிருக்கலாம். அவ்வளவுதான். அதுக்கே மெடல் தேவைங்கிற மாதிரி நாம பேசறது எனக்குப் பிடிக்கலை.

குறை சொல்றது சுலபம், என்ன பண்ணலாம்னு கேட்பீங்க. எனக்குத் தோணின மூணு விஷயம்.

ஒண்ணு, பிள்ளைக்கு முதல் பேட் வாங்கும்போது விலையைப் பாதியா வெட்டுங்க. மிச்சத்துக்கு காக் வாங்குங்க. நைலான் காக் போதும். மூடியில பச்சை, நீலம், சிவப்புன்னு பட்டை இருக்கும். பச்சை மெதுவானது, சிவப்பு வேகமானது. நடுவுல இருக்கிற நீலம் நம்ம ஊர் பிள்ளைங்க ஆரம்பிக்க ஏத்தது. 'நைலான்ல ஆடினா கை கெட்டுடும்'னு சில பேர் பயமுறுத்துவாங்க. இறகு காக் சட்டுனு வேகம் குறைஞ்சு செங்குத்தா இறங்கும், நைலான் அப்படி இறங்காது, அந்த வித்தியாசம் நிஜம்தான். மேட்ச் ஆடப் போற பிள்ளைக்கு அது முக்கியம். ஒன்பது வயசுல காக்கை பேட்ல படவைக்கப் போராடுற பிள்ளைக்கு முக்கியமில்லை. ஆட்டத்தோட சட்டமே காக் இயற்கைப் பொருள்லயும் இருக்கலாம், செயற்கைப் பொருள்லயும் இருக்கலாம்னுதான் சொல்லுது.

ரெண்டு, ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு காலையில ஆறு மணிக்கு இண்டோர் கோர்ட்ல வியர்க்கிற நம்மள மாதிரி ஆளுங்க, ரெண்டு இறகு நொடிஞ்சதும் காக்கைத் தூக்கிப் போடறோம். அந்தக் காக்ல ஒரு ஆரம்பப் பிள்ளை இன்னும் ரெண்டு நாள் ஆடும். ஒரு அட்டைப் பெட்டி வச்சு சேர்த்து, மாசம் ஒரு தடவை பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கொடுங்க. எங்க கோர்ட்ல ஆரம்பிச்சோம். முதல் மாசம் கொண்டுபோய் கொடுத்தப்போ பி.டி. டீச்சர் கேட்ட முதல் கேள்வி: "அடுத்த மாசமும் வருமா சார்?" பீரோ சாவி யார்கிட்டன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு.

மூணு, பொண்ணு எட்டாவது, ஒன்பதாவது போனதும் ஆட்டம் தானா நின்னுபோகுதான்னு கவனிங்க. யாரும் தடுக்காமலேயே நிக்கும். ட்யூஷன் நேரம் மாறும், கூட்டிட்டுப் போக ஆள் இருக்காது, "இந்த வருஷம் மட்டும்"னு ஒரு சமாதானம் வரும். பையனுக்கு அதே ட்யூஷன் நேரத்தை எப்படி மாத்தி அமைச்சோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சாப் போதும்.

உங்க முதல் பேட்டைப் பத்தி எழுதுங்க, தாராளமா கொசுவத்தி சுத்துங்க, நானும் படிப்பேன். அந்த பேட்டோட ஜோடி யார்கிட்ட இருந்துச்சு, அவங்க எந்த வருஷம் ஆடறதை நிறுத்தினாங்க, ஏன் நிறுத்தினாங்க... அதையும் சேர்த்து எழுதுங்க.