பாய்மரம் விழுந்த பிறகு திரையில் என்ன தெரியும்?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டை விற்று, 30 முதல் 45 அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, வருடக்கணக்கில் கடல் சுற்றுகிறவர்கள். இதற்கு 'க்ரூஸிங்' என்று பெயர். கேட்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா? :-)

சரி, இந்த மாதிரிப் படகு ஒன்று பழைய விலைக்கு வரும்போது விளம்பரம் எப்படி இருக்கும்? புது சார்ட் பிளாட்டர் (வரைபடம் காட்டும் பெரிய திரை), புது ரேடார், புது லித்தியம் பாட்டரி, கடல் நீரைக் குடிநீராக்கும் மெஷின், ஃபிரிட்ஜ், ஃப்ரீசர்... பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடைசி வரியில் வெட்கத்தோடு ஒன்று ஒளிந்திருக்கும். "ரிக்கிங்: படகோடு வந்தது." படகு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கும்!

பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடித்து நிற்கவைக்கிற எஃகுக் கம்பிகள்தான் ஸ்டாண்டிங் ரிக்கிங். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் ரன்னிங் ரிக்கிங். கம்பி போனால் மரம் போச்சு. மரம் போனால் பாய் போச்சு. பாய் போனால் அது பாய்மரப் படகே கிடையாது, மிதக்கும் டப்பா. அதற்குள் எத்தனை அங்குலத் திரை இருந்தால் என்ன?

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது?

கணக்குப் புத்தகத்தில் இருக்கும் கோளாறு

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் சொல்லித்தருவதுதான். புதிதாகப் பொருள் வாங்கினால் முதலினச் செலவு. அது சொத்தாகி இருப்பு நிலைக் குறிப்பில் கம்பீரமாக உட்கார்ந்துகொள்ளும். ரிப்பேரும் பராமரிப்பும் வருவாயினச் செலவு. அந்த வருடத்தோடு கரைந்துபோகும், காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கம்பெனிக்கு இந்தப் பிரிவு சரி. பிரச்சினை என்னவென்றால், படகுக்காரர்களின் மனசும் இதே மாதிரி வேலை செய்கிறது. புதுத் திரை வாங்கினால் "படகை மேம்படுத்தினேன்" என்று பெருமை. கம்பி மாற்றினால் "தண்டச் செலவு" என்று புலம்பல். மாற்றிய கம்பி பழைய கம்பி மாதிரியேதானே தெரிகிறது! பக்கத்துப் படகுக்காரர் வந்து "அடடா" என்று சொல்லப்போவதில்லை.

படகுக்காரர்கள் மத்தியில் ஒரு சூத்திரமும் உலவுகிறது. வருடத்துக்குப் படகு விலையில் பத்து சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கினால் போதுமாம். இதைவிட ஆபத்தான சூத்திரம் இருக்க முடியாது. ஒரே 36 அடியில் இரண்டு படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று புதுசு, 2,00,000 டாலர். இன்னொன்று நாற்பது வருடப் பழசு, 20,000 டாலர். சூத்திரப்படி புதுசுக்கு 20,000, பழசுக்கு 2,000. ஆனால் இரண்டுக்கும் ஏறக்குறைய அதே நீளக் கம்பி, அதே அளவு பாய், அதே நங்கூரச் சங்கிலி! கம்பிக்குப் படகை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தெரியாது. சொல்லப்போனால் பழசுக்குத்தான் வேலை அதிகம். சூத்திரமோ அதற்குத்தான் குறைவாக ஒதுக்குகிறது. குறைந்த விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கி, மிச்சப் பணத்தில் திரை மாட்டுகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காதா?

"எவர்சில்வர்தானே, என்ன ஆகும்?" என்கிற நம்பிக்கை நம்மூர் சமையலறையில் மட்டும் இல்லை, படகுத்துறையிலும் இருக்கிறது. எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்கக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வேண்டும். கம்பியின் முனையை ஒரு குழாய்க்குள் வைத்து அழுத்தி மூடியிருப்பார்கள் (ஸ்வேஜ் என்று பெயர்). அந்த இடுக்குக்குள் உப்புத் தண்ணீர் புகும், ஆக்சிஜன் புகாது. படலம் போய், உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு! கம்பியைப் படகின் உடலோடு பிணைக்கும் செயின்பிளேட், டெக்கைத் துளைத்து இறங்குகிற இடத்திலும் இதே கதை.

இது தேய்மானக் கணக்கு மாதிரி வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒழுங்காகக் குறையாது. பத்து வருடம் முழு பலத்தோடு நிற்பது போலத் தெரியும், ஒரு ராத்திரியில் பூஜ்யம். அதனால்தான் பத்திலிருந்து பதினைந்து வருடத்துக்குள் கம்பிகளை மாற்றிவிடு என்பது ரிக்கிங் தொழிலாளர்களின் பொது வழக்கம். நடுவில் சோதிப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு துண்டுத் துணி. கம்பி முழுக்கத் துணியை ஓட்டினால், இழை அறுந்த இடத்தில் சிக்கும் (வெறுங்கையை ஓட்டினால் கை கிழியும்). 19 இழைகளில் ஒன்று அறுந்தாலும் அந்தக் கம்பியை மாற்ற வேண்டியதுதான். ஸ்வேஜ் வாயில் பழுப்புக் கறை, மயிரிழை விரிசல், வளைந்த பின், காணாமல் போன காட்டர் பின்... இவ்வளவுதான் தேட வேண்டியது. சில்லறைக் காசுக்கு வாங்குகிற காட்டர் பின் கழன்று விழுந்தால், அது தடுத்துவைத்திருந்த பின் நழுவும், கம்பி விடுபடும், மரம் சாயும்.

1968: இரண்டு படகுகள்

தனி ஆளாக எங்கும் நிற்காமல் பாய்மரத்தில் உலகத்தைச் சுற்றவேண்டும் என்று லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை 1968-ல் ஒரு போட்டி நடத்தியது. கிளம்பியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' 32 அடி, பம்பாயில் தேக்கில் கட்டிய படகு. மெதுவானது, புதுமை எதுவும் கிடையாது. வழியில் தண்ணீர் கசிந்தது, அவரே கடலில் குதித்து அடைத்தார். ரேடியோவில் பேச முடியாமல் போனது. தானாகத் திசை பிடிக்கும் சாதனம் உடைந்து போனது. ஆனாலும் 1969 ஏப்ரல் 22-ல், 312 நாள் கழித்து, ஃபால்மவுத் வந்து சேர்ந்தார். உடைந்ததெல்லாம் அவர் கையால் சரிசெய்யக்கூடியவை, அல்லது இல்லாமலே சமாளிக்கக்கூடியவை.

அதே போட்டியில் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். கப்பல் பயணத்துக்கான எலெக்ட்ரானிக் கருவி விற்றவர், மூளைக்காரர். படகு கவிழப்போனால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து மர உச்சியில் இருக்கும் காற்றுப்பையை ஊதவைக்கும் என்று திட்டம். அந்தக் காலத்தில்! கெடுவின் கடைசி நாளான 1968 அக்டோபர் 31-ல் அவசர அவசரமாகக் கிளம்பினார். படகு முழுக்க ஒயர்கள் ஓடின. அவை போய்ச் சேரவேண்டிய கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. தண்ணீர் இறைக்கும் குழாயும் உதிரிப் பாகங்களும் கரையிலேயே நின்றுவிட்டன. மூடிகள் கசிந்தன, ஜெனரேட்டர் நனைந்தது. முன்னே போகவும் முடியாமல், திரும்பினால் கடனில் மூழ்கும் நிலையில், தெற்கு அட்லாண்டிக்கில் சுற்றிக்கொண்டே பொய்யான இருப்பிடங்களை அனுப்பினார். 1969 ஜூலை 10-ல் ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்தக் குடும்பத்துக்கே கொடுத்தார்.

க்ரோஹர்ஸ்ட்டின் முடிவுக்குக் கடனும் விளம்பரமும் மன அழுத்தமும் காரணம்தான். ஆனால் எது முதலில் என்ற வரிசை அந்தப் படகில் தலைகீழாக இருந்தது என்பதை யார் மறுக்க முடியும்?

"அப்போ எலெக்ட்ரானிக்ஸே வேண்டாமா?"

நியாயமான கேள்வி. 2018-ல் அந்தப் பழைய போட்டியை, பழைய பாணிப் படகுகளோடு மறுபடி நடத்தினார்கள். நம் கடற்படையின் அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய 'துரியா'வில் போனார். அது சுஹைலியின் நகல். செப்டம்பர் 21-ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல். படகு உருண்டது, மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பு உடைந்தது. மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும் ஆபத்துச் சமிக்ஞைப் பெட்டியும் இல்லையென்றால் அவரை அந்தக் கடலில் தேடியிருக்கவே முடியாது. எனவே உயிர் காக்கும் அந்தச் சின்னப் பெட்டி கட்டாயம் வேண்டும். முதல் வரிசையிலேயே வேண்டும்.

ஆனால் அதே போட்டியின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஐந்து படகுகள் மரத்தை இழந்தன. முடித்தவர்களும் ஐந்தே பேர். நன்றாகத் தயாரித்த படகுகளுக்கே இந்தக் கதி. ஜெயித்த ழான்-லுக் வான் டென் ஹீட், 73 வயது. நவம்பரில் பசிபிக்கில் அவர் படகும் புரண்டு, பக்கக் கம்பிகளை மரத்தோடு இணைக்கும் போல்ட் கீழே நழுவிக் கம்பி தொய்ந்தது. பெரியவர் மரத்தில் பலமுறை ஏறி இறுக்கிக் கட்டி, படகை ஓட்டிவந்து 2019 ஜனவரியில் முதலாவதாகச் சேர்ந்தார். அந்தப் போட்டியை முடிவு செய்தது ஒரு போல்ட்டும் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு கிழவரும்!

மின்சாரத்துக்கு ஒரு வரவு செலவு

கம்பியைக் கவனிக்காதவர் ஒயரை மட்டும் கவனிப்பாரா? பெரும்பாலான படகுகளில் 12 வோல்ட். தினமும் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.

ஃபிரிட்ஜ்: 4 ஆம்பியர், 12 மணி நேரம் = 48
ஆட்டோபைலட்: 3 ஆம்பியர், 24 மணி நேரம் = 72
சார்ட் பிளாட்டர்: 1 ஆம்பியர், 24 மணி நேரம் = 24
விளக்கு, ரேடியோ, பம்ப் = 16
மொத்தச் செலவு: 160 ஆம்பியர்-மணி

200 வாட் சோலார் இருந்தால், வெயில் நன்றாக அடிக்கும் நாளில் வரவு 60 சொச்சம். தினமும் 100 துண்டு விழுகிறது! 400 ஆம்பியர்-மணி பழைய ஈய பாட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக இரண்டே நாள். உடனே என்ன செய்கிறார்கள்? லித்தியம் பாட்டரி வாங்குகிறார்கள். பீரோ பெரிதானால் சம்பளம் கூடுமா?

லித்தியம் கெட்டதில்லை. ஆனால் அது கொடுத்த கரண்டையெல்லாம் நிறுத்தாமல் விழுங்கும். இன்ஜினோடு வந்த சாதாரண ஆல்டர்னேட்டரை நேராக இணைத்தால், ஓய்வில்லாமல் முழு பாரத்தில் ஓடிச் சூடேறி வெந்துபோகும். ஓடும்போது பாட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் திடீரென்று துண்டித்துக்கொண்டால், வோல்டேஜ் எகிறி டயோடுகள் போகும். இதற்கான ரெகுலேட்டர் முதலியவற்றையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

செலவைக் குறைத்துப் பாருங்கள். ஆட்டோபைலட்டுக்குப் பதில் காற்றாலேயே திசை பிடிக்கும் விண்ட்வேன். 72 மிச்சம், செலவு 88. இன்னும் 100 வாட் சோலார் சேர்த்தால் வரவு 90. கணக்கு நேராகிவிட்டது.

அடுத்து இணைப்புகள். பச்சை பூத்த ஒரு முனையில் 0.1 ஓம் தடை ஏறினால் போதும். 10 ஆம்பியர் ஓடும்போது ஒரு முழு வோல்ட் அங்கேயே காணாமல் போகும், 10 வாட் சூடு அந்தப் புள்ளியில் கிளம்பும். ஃபிரிட்ஜ் நிற்கும். "பாட்டரி போச்சு" என்று புது பாட்டரி வாங்குவார்கள். அதுவும் "போகும்"! ஒரு மல்டிமீட்டரும் ஒரு மத்தியானமும் செலவழித்திருந்தால் கோளாறு தெரிந்திருக்கும். ஈயம் பூசிய செப்பு ஒயர், ஒழுங்காகக் கிரிம்ப் செய்த முனை, பாட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ். இவை இல்லாத படகில் ஒயர் உரசினால் தீப்பிடிக்கும். நடுக்கடலில் தீயணைப்பு வண்டிக்கு யார் போன் செய்வது?

வரிசையை மாற்றுங்கள்

படகு வாங்கும் கனவு இருப்பவர் (கனவுக்கு வரி இல்லை) பணத்தை இந்த வரிசையில் பிரிக்கட்டும். முதலில் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வேண்டியவை: அடிப்பகுதி வால்வுகள், குழாய்கள், இறைக்கும் பம்ப். கூடவே ஆபத்துச் சமிக்ஞைப் பெட்டி. இரண்டாவது மரம் நிற்க வேண்டியவை: கம்பி, செயின்பிளேட், பின்கள். மூன்றாவது சுக்கானும் நங்கூரமும். நான்காவது ஒயரும் ஃபியூஸும். பெரிய திரை ஐந்தாவது. பணம் நாலாவதிலேயே தீர்ந்துவிட்டால்? தீரட்டும். திரை இல்லாமல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் உலகத்தையே சுற்றிவந்தார். மரம் இல்லாமல் அடுத்த துறைமுகத்துக்குப் போவதே பெரும்பாடு.

பத்து சதவீதச் சூத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு நோட்டு வாங்கி எழுதட்டும். ஒவ்வொரு கம்பியும் எந்த வருடம் மாட்டியது, இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை, இன்னும் எத்தனை வருடம் தாங்கும். விலையை வருடத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மையான பராமரிப்புச் செலவு. அந்தத் தொகையைப் பார்த்துப் பயம் வந்தால், அவர் வாங்க வேண்டியது சின்னப் படகு.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். படகு தினமும் உப்புத் தின்கிறது. அதற்குத் தண்ணீர் காட்டாமல் திரை காட்டினால் எப்படி?